என் லைசென்ஸில் மூன்று பாயிண்ட்

கென்ட், இங்கிலாந்து,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

தம்பி உங்களிடம் வந்து முறையிட்டிருப்பான், "அக்கா ஒரு கையெழுத்துக்கூடப் போட மாட்டேங்குறா" என்று. போன வாரம் போனில் நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததிலேயே உங்களுக்கு வருத்தம் என்று எனக்குப் புரிந்தது. போனில் சொன்னால் அம்மா பக்கத்தில் இருந்து கேட்டுப் பயந்துவிடுவாள். அதனால்தான் எழுதுகிறேன். இதை முதலில் நீங்கள் மட்டும் படியுங்கள்.

தம்பி கேட்டது இதுதான். அடுத்த மாதம் அவன் இங்கே வந்ததும் கார் வேண்டும். இருபத்து நாலு வயதுப் பையனுக்கு, இந்த நாட்டில் ஒரு நாள்கூட ஓட்டாதவனுக்கு, இன்சூரன்ஸ் வருடத்துக்கு 2,300 பவுண்டு என்று கம்ப்யூட்டர் காட்டியது. அவன் வாங்க நினைத்த பழைய வண்டியின் விலையே அவ்வளவுதான். உடனே, "வண்டியை உன் பேர்ல எடு, நீதான் மெயினா ஓட்டுறேன்னு போடு, என்னை ரெண்டாவது ஆளா சேர்த்துடு, பாதிதான் ஆகும்" என்றான். யாரோ நண்பன் சொல்லிக் கொடுத்திருக்கிறான். தினமும் ஓட்டப் போவது அவன். காகிதத்தில் ஓட்டுவது நான்.

இங்கே அது மோசடி, அப்பா. ஒரு விபத்து நடந்து, யார் தினமும் ஓட்டினார்கள் என்று கம்பெனி விசாரித்தால் பாலிசியையே செல்லாது என்று சொல்லிவிடலாம். அப்புறம் அவன் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியவன் ஆகிவிடுவான். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 6 பாயிண்ட் (குற்றத்துக்காக ஏற்றும் தண்டனைப் புள்ளி), வண்டியைப் போலீஸே எடுத்துக்கொண்டு போகலாம். ஒரு முறை கம்பெனி பாலிசியை ரத்து செய்துவிட்டால், பிறகு எந்தக் கம்பெனிக்குப் போனாலும் "இதற்கு முன் உங்கள் பாலிசி ரத்தானதா" என்ற கேள்விக்கு ஆமாம் என்றுதான் எழுத வேண்டும். அவன் வாழ்க்கையை இங்கே தொடங்கும்போதே அப்படி ஒரு கறை வேண்டாம் என்றுதான் மறுத்தேன்.

இன்னொரு காரணம் இருக்கிறது. அதை அவனிடம் சொல்லவில்லை. உங்களிடமும் மூன்று மாதமாக மறைத்துவிட்டேன். என் லைசென்ஸில் 3 பாயிண்ட் ஏறியிருக்கிறது.

முதலிலிருந்தே சொல்கிறேன். நான் இங்கே டெஸ்ட் பாஸாகி இருபத்து மூன்று மாதம் ஆகிறது. பாஸான ஆறாவது மாதம், நைட் ட்யூட்டி முடிந்து காலையில் வரும்போது, மணிக்கு 30 மைல் போக வேண்டிய சாலையில் 36-ல் போயிருக்கிறேன். நம் கணக்கில் 48 கிலோமீட்டர் போக வேண்டிய இடத்தில் 58. ஓரமாக ஒரு கேமரா வேன் நின்றது. நான் அதைப் பார்க்கவே இல்லை. பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. குற்றம் நடந்த 14 நாளுக்குள் வண்டியின் பதிவுதாரருக்கு அந்தக் கடிதம் வர வேண்டும் என்பது இங்கே விதி. வண்டியை அப்போது ஓட்டியது யார் என்று கேட்பார்கள். 28 நாளுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பாமல் விட்டால் அதற்கே தனியாக 6 பாயிண்ட்.

முதல் தடவை என்பதால் ஒரு வகுப்பில் உட்கார்ந்தால் போதும், பாயிண்ட் இல்லை என்றார்கள். கிட்டத்தட்ட 90 பவுண்டு கட்டி வீட்டில் லேப்டாப் முன் உட்கார்ந்தேன். தண்டனை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன், அப்பா, ஆனால் அன்று கற்றது இன்றும் மனதில் இருக்கிறது. தெருவிளக்கு வரிசையாக இருக்கும் சாலையில் வேறு போர்டு இல்லையென்றால் 30 தான் என்பதே எனக்கு அதுவரை உறைக்கவில்லை. அதைவிட முக்கியமானது ஒரு கணக்கு. 30-ல் போகும் கார், ஓட்டுபவர் ஆபத்தைப் பார்த்து, பிரேக் போட்டு, நிற்க 23 மீட்டர் ஆகும். 40-ல் போனால் 36 மீட்டர். ஏதோ பதின்மூன்று மீட்டர்தானே வித்தியாசம் என்று தோன்றும். வீட்டுக்கு வந்த பிறகு பேப்பரில் போட்டுப் பார்த்தேன். 30-ல் வந்த கார் முழுவதும் நின்றுவிட்ட அதே இடத்தில், 40-ல் வந்த கார் இன்னும் ஏறக்குறைய 30 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அந்த இடத்தில் ஒரு குழந்தை நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் அதன் முன்னால் நின்றுவிட்டான். மற்றவன் அதை 30 மைலில் அடிக்கிறான்.

நான் எலும்பு முறிவு வார்டில் வேலை செய்கிறேன். அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் வீட்டில் வழுக்கி விழுந்த வயதானவர்கள். வண்டி மோதி வருபவர்கள் குறைவு. ஆனால் அவர்கள் சீக்கிரம் வீடு திரும்புவதில்லை. அவர்களைத் திருப்பிப் படுக்க வைக்கிற கை என்னுடையது. அந்தக் கையே மறுநாள் காலையில் 36-ல் ஸ்டியரிங் பிடித்திருக்கிறது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு இரண்டாவது முறை எப்படி நடந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் அதுதான் ஆறவில்லை. இங்கே கிராமத்துச் சாலைகள் விசித்திரமானவை. ஒரு வண்டி போனால் எதிரே வருவது ஒதுங்கி நிற்க வேண்டிய சந்து; இரண்டு பக்கமும் ஆள் உயர வேலி; வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. அங்கே சட்டப்படி 60 மைல் வரை போகலாம்! வெள்ளை வட்டத்தில் கறுப்புப் பட்டை போட்ட போர்டு இருக்கும். போகலாம் என்பதற்காக யாரும் போக முடியாது, நானும் 25-ல்தான் போவேன். ஆனால் அந்தச் சந்திலிருந்து வெளியே வந்ததும் நல்ல அகலமான தார் ரோடு, இரண்டு பக்கமும் வீடுகள். அங்கே 30. உடம்பு நேர்மாறாக நினைக்கிறது. இறுக்கம் விட்டதும் கால் தானாக அழுத்துகிறது. வண்டியிலும் சத்தமே இல்லை. 37-ல் போகும்போது ஏதோ நிற்கிற மாதிரி இருந்தது. அந்த 37-ல்தான் வேகக் கேமராவின் ஃபிளாஷ் அடித்தது.

மூன்று வருடத்துக்குள் இரண்டாவது முறை வகுப்பு கிடையாது. 100 பவுண்டு அபராதம், 3 பாயிண்ட். ரொம்ப வேகமாகப் போயிருந்தால் கோர்ட்டுக்கு இழுப்பார்கள். அங்கே அபராதத்தை ஆளின் வார வருமானத்தில் பாதி, முழுசு, ஒன்றரை மடங்கு என்று கணக்குப் போடுகிறார்கள். சாதாரணச் சாலைக்கு 1,000 பவுண்டு, மோட்டார்வே என்கிற விரைவுச் சாலைக்கு 2,500 பவுண்டு என்று உச்சவரம்பு உண்டு. இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. பணக்காரனுக்கும் வலிக்க வேண்டும் அல்லவா?

பாயிண்ட்டின் கணக்கைக் கேளுங்கள். மூன்று வருடத்துக்குள் 12 சேர்ந்தால் பொதுவாக லைசென்ஸ் பறிபோகும். ஆனால் டெஸ்ட் பாஸாகி இரண்டு வருடம் முடியாதவர்களுக்கு 6 சேர்ந்தாலே ரத்து. திரும்ப எல் போர்டு மாட்டி, எழுத்துத் தேர்வு, ரோடு டெஸ்ட் எல்லாம் முதலிலிருந்து. எனக்கு அந்த இரண்டு வருடம் முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. இன்னும் ஒரு முறை கால் அழுந்தினால் வேலைக்குப் போக வழியில்லை. நைட் ட்யூட்டி நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ் கிடையாது.

கடிதம் வந்த அன்று கூட வேலை செய்யும் ஒரு அக்கா, "ஓட்டினது உன் வீட்டுக்காரர்னு எழுதிடு, அவர் லைசென்ஸ் சுத்தமாத்தானே இருக்கு" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். என் வீட்டுக்காரரும் சரி என்று பேனாவை எடுத்துவிட்டார். நான்தான் விடவில்லை. இந்த நாட்டில் கிறிஸ் ஹூன் என்று ஒரு மந்திரி இருந்தார். 2003-ல் அவர் கார் மோட்டார்வேயில் வேகத்துக்காகக் கேமராவில் மாட்டியது. அவருடைய பாயிண்ட்டை மனைவி விக்கி பிரைஸ் தன் பெயரில் ஏற்றுக்கொண்டார். பல வருடம் கழித்து அது வெளியே வந்து, 2013-ல் இருவருக்கும் எட்டு மாதம் சிறைத்தண்டனை. ஒழுங்காக ஏற்றுக்கொண்டிருந்தால் கொஞ்ச காலம் லைசென்ஸ் மட்டும்தான் போயிருக்கும். அதை இவருக்குப் படித்துக் காட்டினேன். பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டார்.

100 பவுண்டு கட்டியதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. போன வாரம் இன்சூரன்ஸ் புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தது. இங்கே இன்சூரன்ஸுக்கு விண்ணப்பிப்பது ஜாதகம் எழுதுவது போலத்தான். வயது, வேலை, வீட்டின் அஞ்சல் குறியீடு, ராத்திரி வண்டி எங்கே நிற்கும், வருடத்துக்கு எத்தனை மைல், எல்லாம் கேட்பார்கள். வண்டிகளுக்கே ஏறுவரிசையில் குரூப் உண்டு. பெரிய எஞ்சின், விலையுயர்ந்த பாகம் என்றால் மேலே. விபத்தில்லாமல் ஒவ்வொரு வருடம் ஓட்டும்போதும் நோ கிளைம் போனஸ் சேர்ந்து விலை இறங்கும். முதல் வருடம் எனக்கு 1,480 பவுண்டு. இரண்டாவது வருடம் 1,120. இந்த வருடம் ஆயிரத்துக்குக் கீழே வரும் என்று ஆசையாக இருந்தேன். பாயிண்ட்டைச் சேர்க்காமல் ஒரு முறை போட்டுப் பார்த்தேன்: 940. உண்மையைப் போட்டேன்: 1,130. பாயிண்ட் லைசென்ஸில் நான்கு வருடம் இருக்கும். இன்சூரன்ஸ்காரர்கள் ஐந்து வருடத்துக்குக் கேட்பார்கள். ஒரு நொடி அழுத்திய கால், அப்பா. ஐந்து வருடம் அதற்குப் பணம் கட்டப் போகிறேன். இன்சூரன்ஸ் பணத்தில் 12 சதவீதம் வரி வேறு.

இப்போது தம்பி விஷயத்துக்கு வருகிறேன். என் பெயரைச் சேர்த்தால் அவனுக்கு மலிவாகும் என்று நினைக்கிறான். என் பாயிண்ட்டோடு சேர்த்தால் அவன் நினைக்கிற அளவுக்கு இறங்காது. இதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் காரணம் சொல்லாமல் மறுத்தேன். அவனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், என் வாயால் சொன்னால் சண்டையாகிவிடும்.

அவன் செய்ய வேண்டியதையும் சொல்லுங்கள். நம் லைசென்ஸை வைத்து இங்கே 12 மாதம் ஓட்டலாம், சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் உடனே காரை வாங்க வேண்டாம். முதலில் இங்கத்திய டெஸ்ட் எழுதட்டும். எழுத்துத் தேர்வில் 50-க்கு 43 வேண்டும். ஆபத்தைக் கண்டுபிடிக்கிற வீடியோவில் 75-க்கு 44. அவன் கெட்டிக்காரன், வந்துவிடும். பாஸான பிறகு குறைந்த குரூப்பில் ஒரு சின்ன வண்டி எடுத்து, பிளாக் பாக்ஸ் வைத்த பாலிசி போடட்டும். எப்படி ஓட்டுகிறான், எந்த நேரம் ஓட்டுகிறான் என்று அந்தப் பெட்டி கம்பெனிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அவனுக்குப் பிடிக்காது என்று தெரியும். ஒழுங்காக ஓட்டினால் அடுத்த வருடம் விலை இறங்கும். அதுவரை அவனை வேலைக்கு நானே கொண்டுபோய் விடுகிறேன். அதற்கு நான் எந்தக் கணக்கும் பார்க்க மாட்டேன் என்று சொல்லுங்கள்.

உங்களுக்குப் பிடிக்கும் என்று ஒன்று எழுதுகிறேன். நான் வேலைக்குப் போகும் வழியில் பேடாக் வுட் என்று ஒரு ஊர் இருக்கிறது. இந்த நாட்டில் வேகத்துக்காக முதன்முதலில் அபராதம் கட்டியவர் அங்கேதான் பிடிபட்டார். வால்டர் ஆர்னால்ட் என்பவர். 1896 ஜனவரி. ஊருக்குள் 2 மைல் வேகத்தில் போக வேண்டும், முன்னால் ஒரு ஆள் நடக்க வேண்டும் என்று சட்டம். இவர் காரில் 8 மைல் வேகத்தில் போனார். ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் துரத்திப் பிடித்தாராம். வேகத்துக்கு ஒரு ஷில்லிங் அபராதம். அந்த ஊரைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் என் கண் ஸ்பீடாமீட்டர் முள்ளுக்குப் போகிறது.

என் வண்டியில் வேக வரம்பைக் கட்டிப்போடும் ஒரு பட்டன் இருக்கிறது, 30 என்று வைத்துவிட்டால் சாதாரணமாக அழுத்தினால் அதைத் தாண்டாது. இரண்டு வருடமாக இருந்தும் அதைத் தொட்டதில்லை. இப்போது ஊர் எல்லை போர்டைப் பார்த்ததும் கை அங்கேதான் போகிறது. பின்னால் வருபவர்கள் நெருங்கி ஒட்டுகிறார்கள். ஒட்டட்டும்.

ஒன்று கேட்க வேண்டும், அப்பா. சின்ன வயதில் உங்கள் பஸ்ஸில் எஞ்சின் மேல் உட்கார்ந்து வருவேனே, அப்போது அந்த ஸ்பீடாமீட்டர் முள் எப்போதும் பூஜ்யத்திலேயே கிடக்கும். நான் கேட்டபோது நீங்கள் சிரித்தீர்கள். முப்பது வருடம் அந்த முள் இல்லாமல், எவ்வளவு வேகம் போகிறோம் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? சத்தத்திலா, காலிலா, ஜன்னல் பக்கம் மரம் ஓடுவதைப் பார்த்தா? விவரமாக எழுதுங்கள். இந்தச் சத்தமில்லாத வண்டியில் எனக்கு அது தெரிய வேண்டும்.

உங்கள் மகள்