கெய்ஷா ஒருத்திதான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன ஞாயிறு மலரில் ஜப்பான் மரக்கட்டை அச்சுப் படங்கள் பற்றி வந்த கட்டுரையை எங்கள் வீட்டு முகப்பில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன், நல்லாத்தான் இருந்தது, ஆனால் படத்துக்குக் கீழே ‘மூன்று கெய்ஷாக்கள்’ என்று போட்டிருக்கிறீர்களே, அது தப்பு.

அது கிதாகவா உதமாரோ என்கிற ஜப்பான் ஓவியர் 1793 வாக்கில் வரைந்தது. அந்த மூவரில் கெய்ஷா, அதாவது விருந்துகளில் பாடி ஆடி மகிழ்விக்கிற கலைக்காரி, தொயோஹினா ஒருத்திதான். ஒகிதா, இன்றைக்கு டோக்கியோ என்கிறோமே, அந்த எடோ நகரத்தில், அசகுசா கோயில் பக்கம் ஒரு டீக்கடையில் வேலை பார்த்த பெண். ஒஹிசாவோ, அரிசிமாவில் மொறுமொறுவென்று சுடுகிற செம்பெய் விற்ற கடைக்காரரின் மகள். நம்ம பிள்ளையார்பட்டிக் கோயில் வாசல் கடையில் நிற்கிற பிள்ளையைப் படம் போட்டு ஊரெல்லாம் விற்றால் எப்படி இருக்கும், அப்படி. மூன்று முகமும் முதலில் ஒன்றுபோலத்தான் தெரியும், மூக்கையும் கண்ணையும் உற்றுப் பார்த்தால்தான் வேறுபாடு பிடிபடும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த கூத்து ஒன்று உண்டு. தாசிகளைத் தவிர வேறு பெண்களின் பெயரைப் படத்தில் எழுதக்கூடாது என்று 1793-ல் அரசாங்கம் உத்தரவு போட்டுவிட்டது. உதமாரோ விடவில்லை, பெயரை விடுகதையாக்கி மூலையில் குட்டிப் படங்களாக வரைந்தார். ஜப்பான் மொழியில் இரண்டு கீரைக்கட்டு என்றால் நா-நி-வா, அம்பு என்றால் யா, கடல் ஒகி, வயல் தா. சேர்த்துப் படித்தால் நானிவாயா ஒகிதா, அதாவது கடைப்பெயரோடு பெண்ணின் பெயர்! 1796-ல் அதற்கும் தடை வந்தது, அது வேறு கதை.

தலை வாருவது, கண்ணாடி பார்ப்பது, பிள்ளைக்குப் பால் கொடுப்பது என்று வீட்டில் நடக்கிற எல்லாமே அவர் படங்களில் இருக்கிறது. நெற்றியோரத்து மயிரை ஒவ்வொன்றாகச் செர்ரி மரத்தில் செதுக்கினது உதமாரோ இல்லை, அதற்கென்று தனி ஆள், அச்சடிக்க இன்னொரு ஆள். எங்கள் நிலைக்கதவைச் செதுக்கின ஆசாரி பெயர் மாதிரியே அவர்கள் பெயரும் பெரும்பாலும் எங்கேயும் இல்லை.

இதுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், எங்கள் வளவில் அப்பத்தாவின் பழைய போட்டோ ஒன்று மாட்டியிருக்கிறது. கழுத்து நிறைய நகை, நல்ல அழகு. வீடு பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களில் இரண்டு மூன்று பேராவது ‘இவங்க டான்ஸ் ஆடுறவங்களா?’ என்று கேட்டிருக்கிறார்கள். ஐயா, அப்பச்சி ரங்கூனில் இருந்த வருஷமெல்லாம் இங்கே வட்டிக்கணக்கு மொத்தத்தையும் பார்த்த ஆச்சி அவங்க, கணக்கில் ஓரணா இடித்தாலும் ராத்திரி தூங்கமாட்டாங்களாம். அழகாக இருந்தால் ஆட்டக்காரியாகத்தான் இருக்கணுமா?

பெரிய மறுப்பெல்லாம் வேண்டாம். அடுத்த மலரில் ஒரு மூலையில், ஒகிதா டீக்கடை, ஒஹிசா பலகாரக்கடை என்று திருத்தம் போட்டுவிடுங்கள், அது போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பள்ளத்தூர்