பாதரசத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ச் சோதனை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாதரசத்தோடு வேலை செய்பவர்களிடம் ஆண்டுக்கொருமுறை சிறுநீர் எடுத்து, அளவு வரம்புக்குள் இருந்தால் 'நலம்' என்று எழுதிவிடுகிறார்கள். சிறுநீர் காட்டுவது கடைசிச் சில மாதங்களில் உடலில் சேர்ந்ததை மட்டுமே. ஏறத்தாழ 2 மாதத்தில் அதில் பாதி வெளியேறிவிடும். ஆறு மாதம் பாதரசம் இல்லாத வேறு பிரிவில் இருந்தவருக்குச் சோதனை நன்றாகவே வரும், பாதரசத்தால் வந்த நரம்புக் கோளாறு அப்படியே இருந்தாலும். அந்த வரம்பும் மாறாத ஒன்றல்ல: தொழிலிட நச்சுப்பொருள்களுக்கு வரம்புகளைப் பரிந்துரைக்கும் அமெரிக்காவின் ஏசிஜிஐஎச் அமைப்பு அதை, சிறுநீரில் உள்ள ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு (தசையிலிருந்து வரும் கழிவுப்பொருள்) 35 மைக்ரோகிராமிலிருந்து 20 ஆகக் குறைத்திருக்கிறது.

ஆகவே நரம்பையும் சோதிக்க வேண்டும். கண்ணை மூடி, விரல்களை விரித்துக் கைகளை நீட்டச் சொல்லி அரை நிமிடம் கவனியுங்கள். விரல் நுனி, மூடிய இமை, உதடு, நீட்டிய நாக்கு ஆகியவற்றில் மெல்லிய நடுக்கம் முதலில் தெரியலாம். அடுத்து, கையைத் தாளில் ஊன்றாமல் பேனாவால் ஒரு சுருள் வரையச் சொல்லுங்கள். கோடு நெளிநெளியாக வருகிறதா என்று பார்த்து, தேதியிட்டுக் கோப்பில் வையுங்கள். வேலையில் சேர்ந்தபோது வரைந்த சுருள் கையில் இல்லாவிட்டால் இந்தச் சோதனைக்குப் பாதிப் பயன்தான். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

கால் பெருவிரலில் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை வைத்து அதிர்வுணர்வைப் பாருங்கள். நரம்பில் மின்துடிப்பு செல்லும் வேகத்தை அளக்கும் நரம்புக் கடத்தல் சோதனையில் தோலின் வெப்பம் 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால், நல்ல நரம்பும் மந்தமாகத் தெரியும். நிறப்பார்வையை ஒவ்வொரு கண்ணாகச் சோதியுங்கள். தூக்கமின்மை, மறதி, காரணமில்லாத எரிச்சல், புதிதாக வந்த கூச்சம் இவற்றை வீட்டாரிடமும் கேளுங்கள். தொழிலாளிக்கே தெரியாத மாற்றம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். சர்க்கரை நோய், மது, பி12 குறைபாடு, தைராய்டு, ஆஸ்துமா மருந்து ஆகியவையும் இதே அறிகுறிகளில் சிலவற்றைத் தரும் என்பதால் அவற்றையும் விசாரிக்க வேண்டும்.

சிறுநீரை வேலை உடையோடு, வேலை செய்யும் இடத்தில் எடுக்கக் கூடாது; துணியில் ஒட்டிய பாதரசமே அளவை ஏற்றிவிடும். கையைக் கழுவி, உடை மாற்றி, வேலைக்கு முன் எடுக்கட்டும். மருந்து கொடுத்துப் பாதரசத்தை வெளியேற்றி அளக்கும் சோதனையை நம்ப வேண்டாம். அந்த அளவை ஒப்பிடச் சரியான வரம்பே கிடையாது.

நடுக்கம் தெரிந்தால் வேலை போய்விடும் என்று அஞ்சிக் கையை மறைப்பவர்கள் உண்டு. அதனால் சம்பளம் குறையாத மாற்றுப் பணியைச் சோதனைக்கு முன்பே எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். ஒருவரிடம் மாற்றம் தெரிந்தால் அதே அறையில் வேலை செய்யும் அனைவரையும் சோதித்து, அந்த வாரமே அறைக் காற்றையும் அளக்க வேண்டும்.

இப்படிக்கு,
தொழில்நல மருத்துவர்கள்