குறைந்தது நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்

ஆசிரியருக்கு வணக்கம்.

பொள்ளாச்சியில் ஒரு வங்கிக் கிளைக்கு எதிரில் பதினோரு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக்கொண்டு வெளியே வருகிறவர்களில் பாதிப் பேர் நேராக என் கடைக்குத்தான் வருவார்கள். "அம்மிணி, இதுல என்னமோ புடிச்சிருக்காங்க, பாத்துச் சொல்லுங்க" என்று நீட்டுவார்கள். படித்துச் சொல்வேன். ஊருக்கெல்லாம் படித்துச் சொன்னவள், போன மாதம் என் சொந்த பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தி உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். மகள் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று போன வருடம் ஒரு ஆப் கேட்டாள். ஒரு ரூபாய் கட்டினால் ஒரு மாதம் இலவசம், பிடித்திருந்தால் தொடரலாம் என்று போட்டிருந்தது. என் டெபிட் கார்டு எண்ணைக் கொடுத்து, ஓ.டி.பி.யும் சொன்னேன். அது வருடா வருடம் தானாகப் பணம் எடுத்துக்கொள்வதற்கான அனுமதியும் சேர்த்துத்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை. பரீட்சை முடிந்தது, ஆப்பையும் போனிலிருந்து எடுத்துவிட்டாள். ஆனால் போன மாதம் 3-ம் தேதி அதற்கு 1,499 ரூபாய் போய்விட்டது. ஒரு தடவை அனுமதி கொடுத்துவிட்டால் 15,000 ரூபாய் வரைக்கும் மறுபடி ஓ.டி.பி. கேட்கத் தேவையில்லை என்பது 2022-லிருந்து ரிசர்வ் வங்கி விதி. இதுவரைக்கும் சரி, என் கவனக்குறைவு.

5-ம் தேதி ஸ்கூட்டி தவணை 3,240 ரூபாய். கணக்கில் இருந்தது 3,128. நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் பற்றாமல் தவணை திரும்பிவிட்டது. "நாச் ரிட்டர்ன் சார்ஜ்" (கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கிற தவணை, பணமில்லாமல் திரும்பினால் போடுகிற கட்டணம்) என்று ஐந்நூறும், அதற்குப் பதினெட்டு சதவீத ஜி.எஸ்.டி. தொண்ணூறும் சேர்த்து 590 ரூபாயை வங்கி எடுத்துக்கொண்டது. மீதி 2,538.

இனிமேல்தான் கவனிக்க வேண்டும். 7-ம் தேதி வினாத்தாள் ஜெராக்ஸ் எடுத்த ஒரு பள்ளியிலிருந்து 450 ரூபாய் அந்தக் கணக்கில் ஏறியது. 10-ம் தேதி ஃபைனான்ஸ்காரர்கள் அதே தவணையைக் கேட்டு மறுபடி வங்கிக்கு அனுப்பினார்கள். வங்கி அந்த 590-ஐ எடுக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு என் கணக்கில் 3,578 இருந்திருக்கும், தவணை ஒழுங்காகப் போயிருக்கும். எடுத்ததால் இருந்தது 2,988. மறுபடி திரும்பியது, மறுபடி 590. முதல் முறை பணம் குறைந்தது என்னால். இரண்டாவது முறை குறைந்தது வங்கி பிடித்த அபராதத்தால். அதற்கும் அபராதம் என் தலையில்!

11-ம் தேதி ஃபைனான்ஸ் ஆபீசுக்கே போய்த் தவணையை ரொக்கமாகக் கட்டினேன். பவுன்ஸ் சார்ஜ் என்று அவர்கள் ஐந்நூறு தனியாக வாங்கிக்கொண்டார்கள். ரசீதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு, தொல்லை விட்டது என்று வந்தேன். 15-ம் தேதி, ஏற்கெனவே அனுப்பிவிட்டார்களாம், மூன்றாவது முறையாக அதே தவணை வந்து நின்றது. கட்டி முடித்த தவணைக்கு இன்னொரு 590. மொத்தம் 2,270 ரூபாய். ஒரு பக்கம் ஜெராக்ஸுக்கு ஒன்றரை ரூபாய் வாங்குகிறவளுக்கு இது எத்தனை பக்கம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல்.

கிளையில் போய்க் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த பையன் நல்ல மாதிரிதான். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். "சிஸ்டமே எடுத்துக்கும் மேடம், எங்க கையில ஒண்ணுமில்ல" என்றான். எல்லாம் சிஸ்டமே பார்த்துக்கொள்கிறது என்றால், ஒரு தவணை திரும்பிப் போவதற்கு ஐந்நூறு ரூபாய் எதற்கு என்று கேட்டேன். கட்டண அட்டவணையை பிரின்ட் எடுத்துக் கொடுத்தான். அதில் "ஒவ்வொரு முறைக்கும்" என்று இருந்தது.

இதற்கு ஒரு முன்மாதிரி இல்லாமல் இல்லை. மினிமம் பேலன்ஸ் அபராதத்தைப் பற்றி ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் ஒரு சுற்றறிக்கை விட்டது. 2015 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. எவ்வளவு தொகை குறைகிறதோ அதற்கு ஏற்ற விகிதத்தில்தான் அபராதம் போட வேண்டும், போடுவதற்கு முன் வாடிக்கையாளருக்குத் தெரிவித்து ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும், அந்த அபராதத்தால் மட்டும் சேமிப்புக் கணக்கு மைனஸில் போய்விடக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. அப்புறம் ஸ்டேட் வங்கி 2020-லும், கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் 2025-லும் அந்த அபராதத்தையே எடுத்துவிட்டன. அந்த நியாயம் தவணை திரும்புகிற கட்டணத்துக்கு மட்டும் ஏன் பொருந்தாது? 112 ரூபாய் குறைந்தவருக்கும் 12,000 குறைந்தவருக்கும் ஒரே ஐந்நூறு. ஒரே மாதத்துத் தவணையை எத்தனை தடவை அனுப்பினாலும் வங்கி ஒரு தடவைக்கு மேல் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி ஒரு வரி எழுதினால் போதும். நான் கேட்பது அவ்வளவுதான்.

என்னை விடுங்கள், கடைக்கு வருகிறவர்களைச் சொல்கிறேன். ஒரு பாட்டியம்மா, பேரனுக்குச் செல்போன் தவணைக்குத் தன் கணக்கைக் கொடுத்திருக்கிறார். பேரன் கோவையில் வேலையில் இருக்கிறான், சில மாதம் பணம் போடுகிறான், சில மாதம் மறந்துவிடுகிறான். 15-ம் தேதி வருகிற மகளிர் உரிமைத் தொகை ஆயிரத்தை எடுக்கப் போனால் பாதிகூட இருப்பதில்லை. பாக்கி நிற்கிற கட்டணத்தை, பணம் ஏறினவுடன் வங்கி பிடித்துக்கொள்கிறது. 2023 செப்டம்பரில் அந்தத் தொகை முதல்முறையாக வந்தபோதே சில வங்கிகள் அதைப் பழைய கட்டணங்களில் கழித்துக்கொண்டதாகப் புகார் எழுந்து, நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அப்படிச் செய்யக் கூடாது என்று அறிக்கை விட்டது நினைவிருக்கும். எங்கள் பாட்டியம்மாவின் பாஸ்புக்குக்கு அந்த அறிக்கை இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

கார்டில் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் தர வேண்டும், வேண்டாமென்றால் நிறுத்த வழி தர வேண்டும் என்றும் விதி இருக்கிறதே என்று யாராவது கேட்கலாம். தந்தார்கள். 2-ம் தேதி காலை பதினொரு மணிக்கு, அட்மிஷன் ஃபாரத்துக்கு வாசல் வரை ஆள் நின்ற நேரத்தில், ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ். கடைசியில், நிறுத்த வேண்டுமானால் இதை அழுத்தவும் என்று ஒரு லிங்க். வங்கி பெயரில் வருகிற லிங்க்கைத் தொடாதீர்கள், பணம் போய்விடும் என்று எங்களுக்கு வருடக்கணக்கில் பாடம் எடுக்கிறார்கள். நான் அந்தப் பாடத்தை ஒழுங்காகக் கேட்டவள், தொடவில்லை. பணம் போய்விட்டது.

தமிழில் ஒரு செய்தி அனுப்புவதும், கிளையில் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் அந்த அனுமதியை ரத்து செய்து தருவதும் பெரிய காரியமா? கிளையில் கேட்டதற்கு, மொபைல் ஆப்பில்தான் நிறுத்த முடியும் என்றார்கள். அந்தப் பாட்டியம்மாவிடம் இருப்பது பட்டன் போன்.

மேனேஜரிடம் எழுத்தில் புகார் கொடுத்துச் சீல் வாங்கியிருக்கிறேன். மூன்றாவது 590-ஐ மட்டும், தவணை கட்டிய ரசீதைக் காட்டியதால், போன வாரம் திருப்பி வரவு வைத்தார்கள். இரண்டாவதைப் பற்றி மேலிடத்தில் கேட்டிருக்கிறார்களாம். புகார் கொடுத்து முப்பது நாள் ஆகியும் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், செலவு கிடையாது. எனக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. பாஸ்புக், ரசீது, புகார் நகல் எல்லாவற்றையும் இரண்டு செட் எடுத்து வைத்துவிட்டேன். பாட்டியம்மாவுடையதையும் சேர்த்து.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பொள்ளாச்சி.