மணல்மேட்டில் கூட நின்றவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன், டொங்காட் வட்டாரத்து உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

பல்கலைக்கழக வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். பிரிவுபசார விழாவில் பேசக் கிடைத்த நேரம் டீன், துறைத்தலைவர் என்று பெரிய பேர்களைச் சொல்லவே சரியாகிவிட்டது. நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப்பேர் அந்த மண்டபத்துக்கு அழைக்கப்படவே இல்லை. அதனால்தான் இந்த மடல்.

என்ன வேலை பார்த்தாய் என்று சித்தி இன்னும் கேட்கிறார். எந்தச் செடி எந்தக் கரையில் ஏன் நிற்கிறது, வெளியிலிருந்து வந்த செடி உள்ளூர்ச் செடியை எப்படி ஓரங்கட்டுகிறது என்று பார்க்கிற வேலை, சித்தி. உயிர்ப்புவியியல் என்பார்கள்.

முதல் நன்றி, மறைந்த அப்பாவுக்கு. சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். செடி எண்ணுவதற்கு ஒரு மீட்டர் சதுரச் சட்டம் வேண்டும் என்றேன். பழைய குழாயை அறுத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகிற மாதிரி நான்கு மூலையும் கழற்றி மாட்டும்படி செய்துகொடுத்தார். பிற்பாடு துறையில் புதிது வாங்கினார்கள். நான் அப்பா செய்ததையே தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்து, என் வழிகாட்டிப் பேராசிரியர். 1989 கடைசி வரை டர்பன் கடற்கரை இனவாரியாகப் பிரித்துக் கிடந்தது இளையவர்களுக்குத் தெரியாது. நான் அளக்க வேண்டிய நல்ல மணல்மேடுகள் ‘வெள்ளையருக்கு மட்டும்’ பலகைக்கு அந்தப்புறம் இருந்தன. அவர் வெள்ளைக்காரர்தான். அனுமதிக் கடிதம் எழுதிக் கொடுத்ததோடு விடாமல் சனிக்கிழமைகளில் தாமே வந்து நாடா பிடிப்பார். யாராவது முறைத்தால், “ஆய்வாளர் அவர், நான் உதவிக்கு வந்தவன்” என்பார்.

கரைவலை இழுக்கும் மாமாமாருக்கு நான் பட்ட கடன் பெரிது. ஜூன், ஜூலையில் மத்தி வரும்போது அவர்களோடு விடியற்காலையில் நிற்பேன். கடலை நோட்டம் பார்க்கிற கண்ணாலேயே மணலையும் பார்ப்பவர்கள். சங்கப்பாட்டில் வருகிற அடும்பு இந்தக் கரையிலும் இயல்பாகவே படர்கிறது. அதுவும் ஸ்கேவோலா என்கிற கடற்கரைச் செடியும் முன்வரிசையில் இருந்தால்தான் மேடு வளரும், சவுக்கு நட்ட இடத்தில் சருகு மூடி அடியில் வேறொன்றும் தலைதூக்காது என்று எந்தப் பாடப்புத்தகத்துக்கும் முன்னால் அவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள். (சவுக்கை அரணாக நம்பும் தமிழ்நாட்டு நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.)

இனி, சூலு அம்மாக்கள். அமைச்சர் காதர் அஸ்மால் காலத்தில், 1995இல், வேலையில்லாதவர்களுக்குக் கூலி கொடுத்து அந்நியச் செடிகளை அகற்றும் ‘வர்க்கிங் ஃபார் வாட்டர்’ திட்டம் தொடங்கியது. குரோமோலீனா என்கிற அந்நியப் புதர்ச்செடியைப் பிடுங்க வந்த பெண்களிடம் நான் மாணவியானேன். மழை பெய்த மறுநாள் இளஞ்செடியைக் கையால் இழுத்தால் வேரோடு வரும். காய்ந்த நாளில் இழுத்தால் கழுத்தோடு முறிந்து, மீதி அடியிலிருந்து பல கிளையாகத் துளிர்க்கும். ஒருமுறை வெட்டிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்களைக் கண்டால் அந்தப் பெண்களுக்கு ஆகாது, எனக்கும் ஆகாது. திரும்பத் திரும்ப வராவிட்டால் செலவழித்த கூலி மண்ணோடு போச்சு. அவர்கள் பெயர்களைக் கட்டுரையில் எழுதி அனுப்பினேன். ஓர் ஆய்விதழ் அதைக் ‘களப்பணியாளர்கள்’ என்று சுருக்கி அச்சிட்டது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

செயின்ட் லூசியா ஏரிக்கரையில் முதலைக்கூடு காட்டிய காவலருக்கும் நன்றி. குரோமோலீனா நிழலில் கூட்டின் மணல் குளிர்ந்துவிடுகிறது. முதலைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவுசெய்யும், குளிர்ந்தால் பெண்ணாகத்தான் பொரியும். வேர்ப்பின்னலில் தாய் குழி தோண்டவும் முடியாது. இதை ஆராய்ந்து கண்டவர்கள் வேறு ஆட்கள். ஆனால் அந்த வேர்களை அவர் கத்தியால் விலக்கிக் காட்டியபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது.

உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கிற, 1882இல் தொடங்கிய நேட்டால் ஹெர்பேரியத்தில் நான் அவசரத்தில் ஒட்டின தாள்களை எல்லாம் பொறுமையாகப் பிரித்து ஒட்டித் தந்த அக்காமாருக்கும், மணல் கொட்டின காரைக் கழுவிக்கழுவி அலுத்த என் வீட்டுக்காரருக்கும் நன்றி.

ஓர் உதவி இன்னும் வேண்டும். பழைய இந்தியர் கடற்கரையில் குடும்பத்தோடு பிரியாணிப் பானை வைத்து எடுத்த படம் உங்கள் ஆல்பத்தில் இருக்கும். உங்களுக்கு அதில் ஆயாவும் தாத்தாவும் தெரிவார்கள். எனக்கு அவர்களுக்குப் பின்னால் இருக்கிற மணல்மேடும் அதன்மேல் இருக்கிற செடியும் வேண்டும். எந்த வருடம், எந்தக் கரை என்று பின்பக்கம் பென்சிலில் எழுதிக் கொண்டுவாருங்கள். ஸ்கேன் செய்துவிட்டு அன்றே திருப்பித் தருகிறேன்.