உள்ளே கிடந்த குடை

பாமசி அண்ணாவுக்கும் சமூகசேவை மிஸ்ஸுக்கும்,

நேற்றுக் காலை தம்பி தானாக எழும்பிக் குளித்துவிட்டு, “அக்கா, பிளேன்டீ இருக்கா?” என்று கேட்டான். கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு அழுதேன். அந்தச் சூட்டோடு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்தது என்ன என்று திருகோணமலையில் எங்கள் ஒழுங்கை முழுக்கத் தெரியும். அதைத் திரும்பக் கிளறப் போவதில்லை.

குடையைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

தம்பி விட்ட குடுவுக்கு, அதுதான் ஹெரோயினுக்கு, திரும்பிப் போகாமல் இருக்கத் தந்த, எடுத்தாலும் போதை ஏறாமல் தடுக்கிற நால்ட்ரெக்சோன் குளிசையை வீட்டில் வைத்துக் கொடுத்த முதல் கிழமையே நாங்கள் எல்லோரும் பொலிஸ்காரர் ஆகிவிட்டோம். அம்மா நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்வா. அவன் கத்துவான். இரண்டு பேரையும் பார்த்து நான் கத்துவேன். “இது வீட்டுக்குள்ள சரிவராது” என்று மிஸ்தான் சொன்னார். குளிசை கடையில் இருக்கட்டும், தினமும் அண்ணாவுக்கு முன்னால் விழுங்கட்டும் என்று ஏற்பாடானது. அதற்கும் நீங்கள் முதலில் கேட்டது அவனைத்தான். ‘உன்னைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளலாமா’ என்று கேட்டுக் கையெழுத்து வாங்கினீர்கள். அவனிடம் யாராவது ஒன்றுக்குச் சம்மதம் கேட்டு எத்தனை வருஷம்!

முதல் நாள் கடையில் நல்ல சனம். பிரஷர் குளிசை வாங்க வந்தவர்களுக்குப் பின்னால் தம்பி வேர்த்து ஒழுக நின்றான். திரும்பி ஓடிவிடுவான் என்று எனக்குப் பயம். அண்ணா பில் எழுதிய கையை எடுக்காமலே, “தம்பி, நீங்க விட்டிட்டுப் போன குடை உள்ள கிடக்கு, வந்து எடுங்க” என்றார். எங்கள் வீட்டில் குடையே கிடையாது. உள்ளே போனால் அலுமாரிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரை, ஒரு கிளாஸ் தண்ணீர், மூடியில் ஒரு குளிசை. அவ்வளவுதான். மறுநாளும் குடை, அதற்கு மறுநாளும் குடை. ஆவணி வெயில் கொளுத்துகிறது, வரிசையில் நின்ற ஐயா ஒருவர் “இந்தப் பெடியனுக்கு இந்த வயசிலேயே இவ்வளவு மறதியா?” என்று கவலைப்பட்டார். தம்பி அன்றைக்குத்தான் சிரித்தான். எத்தனை மாதத்துக்குப் பிறகு என்று எண்ணிப் பார்க்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை அவன் போகவில்லை. எங்களுக்குத் தெரியாது, வேலைக்குப் போய்விட்டான் என்று இருந்தோம். ஒன்பது மணிக்கு அண்ணா மிஸ்ஸுக்குப் போன் எடுத்திருக்கிறார். கோட்டை வாசலில் மான்களைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தவனை மிஸ் கண்டுபிடித்து, பக்கத்தில் தானும் குந்தியிருக்கிறார். ஒரு மணித்தியாலம் புத்திமதி ஒன்றும் இல்லையாம். அப்புறம் இருவருமாகக் கடைக்கு நடந்து வந்திருக்கிறார்கள். ஏன் அவ்வளவு அவசரம் என்று பிறகுதான் விளங்கியது. குடுவை நிறுத்திச் சில கிழமை போனால் உடம்புக்குப் பழைய தாக்குப்பிடிப்பு இருக்காது, முந்தி எடுத்த அதே அளவே மூச்சை நிறுத்திவிடும். குளிசையை விட்ட நாட்கள்தான் மிகப் பெரிய ஆபத்து. இதை யாராவது முன்பே எங்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

பல்வலிக்கு ஓரிடத்தில் கொடேயின் என்ற, குடுவின் இனத்து வலிமருந்து சேர்ந்த மாத்திரை எழுதிக் கொடுத்தபோதும் அண்ணாதான் துண்டைப் பார்த்து நிறுத்தினார். நால்ட்ரெக்சோன் எடுப்பவருக்கு அது வேலை செய்யாது, வலி போகவில்லை என்று அளவைக் கூட்டினால் வினை. கிளினிக்குக்குப் பேசி வேறு மருந்து மாற்றித் தந்தார். விபத்து ஏதும் நடந்தால் டொக்டருக்குத் தெரியட்டும் என்று மருந்தின் பெயரை ஒரு அட்டையில் எழுதி அவன் பேர்ஸுக்குள் வைத்ததும் அவர்தான்.

கிளினிக் டொக்டருக்கும், குளிசை தொடங்குவதற்கு முந்தி குடு இல்லாமல் இருந்த அந்தப் பத்து நாளும் இராவிராவாக அவன் காலைப் பிடித்துவிட்ட சித்தப்பாவுக்கும், காசு வாங்காத ஓட்டோ அண்ணாவுக்கும், கஞ்சி தந்த பக்கத்து வீட்டு அன்ரிக்கும், பத்திரகாளி அம்மனுக்கு நேர்ந்து வைத்தவர்களுக்கும் நன்றி. இந்தப் பக்கம் வராமல் விலகி நின்ற அவனுடைய பழைய கூட்டாளி ஒருவனுக்கும்தான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பஸ் தரிப்பிடத்தில் தூங்கி விழும் பெடியன்களைப் பார்த்து ‘குடுக்காரன்’ என்று மூக்கைச் சுளித்தவள் நான். மிஸ், உங்களிடம் வரும் அடுத்த குடும்பத்தோடு இருக்க ஒரு ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள். நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லாதீர்கள் என்றாவது அந்த அம்மாவிடம் சொல்வேன்.

அண்ணா, மழை தொடங்கின அன்று “இண்டைக்கு உண்மையாவே கொண்டு போங்க” என்று நீங்கள் தந்த கறுப்புக் குடை எங்கள் கதவடியில்தான் நிற்கிறது. கடற்கரைக் காற்றில் ஒரு கம்பி வளைந்துவிட்டது. திருத்திக்கொண்டு திங்கட்கிழமை தம்பியே கொண்டுவருவான்.

அவனுடைய அக்கா