திருவாசகத்தில் வயலின் கலந்தால் என்ன குறை?

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

இளையராஜாவின் திருவாசக இசைத்தொகுப்பைப் பற்றிப் போன வாரம் நம் பத்திரிகையில் வந்த வாசகர் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஓதுவார் பாட வேண்டிய பாட்டில் வெளிநாட்டு ஆர்க்கெஸ்ட்ராவையும் ஆங்கிலத்தையும் கலந்து கெடுத்துவிட்டார்கள் என்று அதில் இருந்தது. மனசு பொறுக்கவில்லை. நான் இசை படித்தவன் இல்லை. ஏர்வாடிப் பக்கத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு நண்டு லோடு ஏற்றிப் போகும் வண்டி ஓட்டுகிறேன். ஆனால் இந்தப் பாடல்களைப் பல வருஷமாகக் கேட்கிறேன், திருவாசகத்தையும் உரையோடு வாங்கி வைத்து மெதுவாகப் படித்துக்கொண்டு வருகிறேன்.

கலப்பது தப்பு என்றால் முதலில் மாணிக்கவாசகரைத்தான் கேட்க வேண்டும். அம்மானை என்பது பெண்கள் காயைத் தூக்கிப்போட்டுப் பிடித்து ஆடும்போது பாடுவது. பொற்சுண்ணம் என்பது வாசனைப் பொடி இடிக்கும்போது உலக்கை விழுகிற கணக்குக்குப் பாடுவது. சாழலில் ஒருத்தி மடக்கிக் கேட்பாள், இன்னொருத்தி பதில் சொல்வாள். பொன்னூசல், ஊஞ்சல் பாட்டு. பாண்டியனிடம் அமைச்சராக இருந்த மனிதர், முற்றத்தில் பெண்பிள்ளைகள் விளையாடிப் பாடிய பாட்டு வகைகளை எல்லாம் எடுத்து அதற்குள் சிவனைக் கொண்டுவந்து வைத்தார். 2005-ல் வந்த இந்தத் தொகுப்பில் இருப்பது ஆறே பாடல்கள். அதில் ‘முத்துநற் றாமம்’ அந்தப் பொற்சுண்ணத்தில் வருவது, ‘பூவேறு கோனும்’ தும்பியைக் கூப்பிட்டுப் பாடும் திருக்கோத்தும்பியில் வருவது. உலக்கைப் பாட்டு திருமுறைக்குள் வரலாம், புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் வயலின் மட்டும் கிட்டே வரக்கூடாதா?

ஆங்கிலம் வருவது ‘பொல்லா வினையேன்’ பாட்டில். திருவாசகத்தின் முதல் பகுதியான சிவபுராணத்து வரிகள், நடுவில் அமெரிக்காவின் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகள், பின்னால் கூட்டமாக எழும் குரல்கள் என்று ஏறக்குறைய 20 நிமிடம் போகும். ஏர்வாடியில் போட்டால் கீழக்கரை தாண்டித்தான் முடியும். அந்த ஆங்கில வரிகளில் நான் கேட்பது, என்னைப் போன்ற சாதாரண மனுஷன் எப்படி உன்னை எட்டுவேன் என்கிற அதே ஏக்கம்தான். தமிழை அது ஓரங்கட்டவில்லை. ‘புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி’ என்று தொடங்கி, எல்லாப் பிறப்பும் பிறந்து இளைத்தேன் என்கிறார் மாணிக்கவாசகர். எங்கள் கரையில் கரைவலை இழுத்து முடித்தவர்கள் மணலில் உட்கார்ந்து “மூச்சு இளைக்குது” என்பார்கள். அந்த இளைப்புதான் இது என்று எனக்குப் புரிந்தது புத்தகத்தில் இல்லை, ஒருநாள் விடியற்காலை இந்தப் பாட்டில்தான்.

நான் குடித்துக்கொண்டிருந்தவன். விட்டு மூன்று வருஷம் ஆகிறது. அந்தக் கதையை இங்கே விரிக்கப் போவதில்லை, ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஆள் மாறிவிட்டான் என்று ஊர் சொன்ன பிறகுதான் பயமே வருகிறது. திரும்ப விழுந்துவிடுவோமோ என்று சாயங்காலம் ஆனாலே கை நடுங்கும். குதிரை வாங்கப் போன இடத்தில் திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு, பதவியும் காசும் வேண்டாம் என்று மாறிய மாணிக்கவாசகருக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது. அதை அவர் எங்கே பாடினார் தெரியுமா? எங்கள் ராமநாதபுரம் பக்கத்து உத்தரகோசமங்கைச் சிவன் கோயிலில். திருவாசகத்தில் அந்தப் பகுதிக்குப் பெயர் நீத்தல் விண்ணப்பம், 50 பாடல். பாட்டுக்குப் பாட்டு ‘விட்டிடுதி கண்டாய்’ என்று, என்னை விட்டுவிடுவாயோ, விட்டுவிடாதே என்று கெஞ்சுகிறார். ஆட்கொண்ட பிறகும் கெஞ்சுகிறார்! சாயங்காலம் கை நடுங்கும்போதெல்லாம் நான் சொல்லிக்கொள்வது இதைத்தான்.

எனக்கு இந்தத் தொகுப்பில் குறை என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான், நீத்தல் விண்ணப்பம் அதில் இல்லை. திருப்பொன்னூசலும் இல்லை. பவளத்தைக் காலாகவும் முத்தைக் கயிறாகவும் வைத்து உத்தரகோசமங்கைப் பெருமானைப் பாடி ஊஞ்சல் ஆடும் பாட்டு அது. முத்துக்குளித்த கரையில் இருக்கிற நமக்கு அதை வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை. இளையராஜா 2025 மார்ச்சில் லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றினார், சந்தோஷம். அவர் இன்னொரு முறை திருவாசகத்துக்குத் திரும்பி வந்து இந்த இரண்டையும் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. உங்கள் பத்திரிகை வழியாக இது அவர் காதில் விழுந்தால் நல்லது.

அப்புறம் இன்னொன்று, இது நம்மால் ஆகிற காரியம். மார்கழித் திருவாதிரைக்கு மரகத நடராசரின் சந்தனக்காப்பைக் களையும்போது உத்தரகோசமங்கையில் எங்கெங்கிருந்தோ சனம் வந்து ராத்திரியெல்லாம் காத்திருக்கிறது. அன்றைக்குக் கோயிலுக்கு வெளியே பந்தல் போட்டு ஒலிபெருக்கி வைப்பவர்கள், ஓதுவார் பாடி முடித்த பிறகு ‘பொல்லா வினையேன்’ பாட்டை முழுசாக, நடுவில் நிறுத்தாமல் ஒரு தடவை போடுங்கள். போன வாரம் கடிதம் எழுதிய ஐயாவும் வரட்டும். லோடு இறக்கிவிட்டு நானும் வந்துவிடுகிறேன், பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்தே கேட்போம்.

இப்படிக்கு,
நண்டு வண்டி ஓட்டும் வாசகன்,
ஏர்வாடி, ராமநாதபுரம் மாவட்டம்.