போர்ட்டா மஜ்ஜோரே பக்கம் ஒரு ரொட்டிக்காரர்

அன்புள்ள சண்முகா,

உன் கடிதமும், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கொலோசியம் முன்னால் நீ நிற்கிற படமும் கிடைத்தன. மகன் வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறது போலிருக்கிறது, கன்னம் வைத்திருக்கிறது. இங்கே பெரிய விசேஷம் ஒன்றுமில்லை. எனக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது, மறுபடியும் ராத்திரி பதினொன்று வரை படிக்க முடிகிறது, வீட்டில் அதற்கும் திட்டு விழுகிறது. நம் ஹாஸ்டல் சுந்தரத்தின் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம், நீ அதற்குள் திரும்பிவிடுவாய் என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "ரோமாபுரியில் பிறப்பைப் பார்க்கவில்லை, அடிமையாக இருந்தவன்கூட குடிமகனாகி மேலே வந்தான்" என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதைப் படித்ததிலிருந்து உனக்குப் பதில் எழுத வேண்டும் என்று கை துறுதுறுத்துக்கொண்டே இருந்தது. நீ சொன்னது பொய் இல்லை. கிரேக்க ஊர்களில் ஓர் அடிமையை விடுவித்தால் அவன் பெரும்பாலும் அதே ஊரில் அந்நியனாகத்தான் குடியிருக்க வேண்டும். ரோமிலோ, குடிமகன் ஒருவன் முறைப்படி விடுவித்த அடிமை தானும் குடிமகன் ஆனான். அந்தக் காலத்திலேயே இது வெளியூர்க்காரர்கள் கண்ணை உறுத்தியிருக்கிறது. மாசிடோனிய அரசன் ஐந்தாம் பிலிப், லாரிசா என்ற ஊருக்குக் கிமு 214 வாக்கில் அனுப்பிய கடிதம் கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. உங்கள் ஊரில் ஆள் குறைந்துவிட்டது, புதியவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ரோமர்களைப் பாருங்கள், அடிமைகளைக்கூட விடுவித்துக் குடிமக்களாக்கிக்கொள்கிறார்கள், அதனால்தான் அவர்கள் பெருகுகிறார்கள் என்கிற மாதிரி அதில் எழுதியிருக்கிறான். எதிரியே மெச்சிய ஏற்பாடு.

ஆனால் அந்தக் கதவை யார் திறந்தார்கள், எதற்காகத் திறந்தார்கள் என்பதுதான் என் கேள்வி. நீ இன்னும் ஒரு மாதம் அங்கேயே இருக்கப் போகிறாய், அதனால் ஒரு வேலை சொல்கிறேன். டிராம் ஏறிப் போர்ட்டா மஜ்ஜோரேவுக்குப் போ. பழைய நீர்க்கால்வாயின் பிரம்மாண்டமான வளைவுகளை ஒட்டி, பெரிய பெரிய வட்ட ஓட்டைகளோடு, பார்த்தால் ஏதோ பழைய தொழிற்சாலையின் மிச்சம் போல ஒரு கட்டடம் நிற்கும். அது கல்லறை. மார்க்குஸ் வெர்கிலியுஸ் யூரிசாசெஸ் என்ற ரொட்டிக்காரருடையது, கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய முப்பது வருஷம் முந்தியது. பிற்காலத்தில் அதை விழுங்கிக் கட்டிய கோபுரத்தை 1838-இல் இடித்தபோதுதான் வெளியே வந்தது.

அந்த வட்ட ஓட்டைகள் மாவு பிசைகிற தொட்டிகளைக் காட்டுகின்றன என்பது பலருடைய கருத்து. மனுஷன் தன் தொழிலையே கல்லறையாக எழுப்பிக்கொண்டிருக்கிறார். மேல்வரிசையில் சுற்றிலும் ஓடுகிற சிற்பங்களை நிதானமாகப் பார். கழுதைகள் கல்லைச் சுற்றி மாவு அரைக்கின்றன, ஆட்கள் சலிக்கிறார்கள், மேஜை முன்னால் வரிசையாக உருண்டை பிடிக்கிறார்கள், ஒருவன் நீளக் கட்டையால் அடுப்பில் ரொட்டியைத் தள்ளுகிறான், கடைசியில் கூடை கூடையாகப் பெரிய தராசில் நிறுத்து அதிகாரிகளிடம் ஒப்படைக்கிறார்கள். அவர் அரசாங்கக் காண்ட்ராக்டர், கல்லில் அதையும் பொறித்திருக்கிறார். மனைவி அதிஸ்தியாவின் மிச்சங்கள் "இந்த ரொட்டிக் கூடைக்குள்" இருப்பதாக ஒரு வாசகம் வேறு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

யூரிசாசெஸ் என்பது கிரேக்கப் பெயர். முன்னாள் அடிமை என்று கல்வெட்டில் இல்லை, ஆனால் பெயரை வைத்து அறிஞர்கள் பலர் அப்படித்தான் எண்ணுகிறார்கள். விடுதலையானவன் எஜமானின் முதல் இரண்டு பெயர்களையும் தனதாக்கிக்கொண்டு, பழைய அடிமைப் பெயரைக் கடைசியில் ஒட்டிக்கொள்வான். ரோமின் பெரிய பேச்சாளர் சிசரோவின் காரியதரிசி தீரோ, விடுதலைக்குப் பிறகு மார்க்குஸ் துல்லியுஸ் தீரோ ஆனார். இப்போது சிற்பத்தை மறுபடியும் பார். டோகா என்ற குடிமக்களின் நீளப் போர்வை உடுத்து நிற்கிறவர்கள் மேற்பார்வை பார்க்கிறவர்கள். குட்டை அங்கியில், சிலர் வெறும் உடம்போடு, மாவில் முழங்கை வரை கை வைத்திருக்கிறவர்கள் யார்? அடிமைகளாகத்தான் இருக்க வேண்டும். அறிஞர்கள் எண்ணுவது சரியென்றால், அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர், இந்தப் பக்கம் வந்ததும் தானும் அடிமைகளை வாங்கியிருக்கிறார். அதில் அவருக்குக் கூச்சம் இருந்த மாதிரி தெரியவில்லை, கல்லில் செதுக்கி ஊர் கூடும் சாலை முனையில் நிறுத்தியிருக்கிறாரே. அந்த வேலை எப்படி இருந்திருக்கும் என்பதற்கு பாம்பேயில் (மும்பை இல்லை, எரிமலையில் புதைந்த இத்தாலிய ஊர்) 2023-இல் அறிவித்தார்களே ஒரு ரொட்டிக்கூடம், அதைப் படித்துப் பார். ஜன்னலுக்கு இரும்புக் கம்பி, வெளியே போக வழி கிடையாது, வீட்டின் கூடத்துக்குள்தான் வரலாம். கழுதைகளும் ஆட்களும் அங்கேயே அடைந்து கிடந்திருக்கிறார்கள்.

இப்போது கணக்கைப் பார், நீயும் நானும் முப்பது வருஷம் கணக்கோடுதானே மாரடித்தோம். அடிமை தனக்கென்று கொஞ்சம் காசு சேர்க்க எஜமான் அனுமதிப்பான், சட்டப்படி அதுவும் எஜமானின் பணம்தான். வருஷக்கணக்கில் உழைத்துச் சேர்த்ததைக் கொடுத்து அடிமை தன்னைத்தானே வாங்கிக்கொள்வான். எஜமான் அந்தப் பணத்தில் இன்னொரு இளைய அடிமையை வாங்கிவிடலாம். விடுதலையானவனும் அதோடு போய்விட மாட்டான், எஜமானுக்கு மரியாதை காட்டவேண்டும், ஒப்புக்கொண்ட நாட்களுக்கு வேலை செய்துகொடுக்க வேண்டும். அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை, விடுதலைக்கு அடிமையின் விலையில் 5 சதவீதம் வரி. யாருக்கு நஷ்டம்? எல்லாவற்றுக்கும் மேலாக, நாளைக்கு விடிவு வரும் என்ற ஆசை இருக்கிறவன் இன்றைக்கு ஓடமாட்டான், எதிர்த்துக் கை ஓங்கமாட்டான். அதிலும் இந்த ஆசை பட்டணத்து வீட்டு அடிமைகளுக்குத்தான். சுரங்கத்திலும் பெரிய பண்ணைகளிலும் கிடந்தவனுக்கு அது எட்டாக்கனி. அந்தக் கதவு திறந்திருந்ததால்தான் அடிமை முறை அத்தனை நூற்றாண்டு அசையாமல் நின்றது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்குச் சாட்சி மாதிரி ஒரு சம்பவம். கிபி 61, பேரரசன் நீரோ காலம். நகரத்தின் பிரிஃபெக்ட், நம்மூர் போலீஸ் கமிஷனர் மாதிரி என்று வைத்துக்கொள், பெதானியுஸ் செகுந்துஸ் என்பவரை அவருடைய அடிமை ஒருவனே கொன்றுவிட்டான். காரணமாகச் சொல்லப்பட்ட இரண்டில் ஒன்று, விடுதலைக்கு விலை பேசி முடித்த பிறகு எஜமான் மறுத்துவிட்டார் என்பது. (மற்றொன்று காதல் போட்டி.) பழைய வழக்கப்படி அந்தக் கூரையின் கீழ் இருந்த அடிமைகள் அத்தனை பேரையும் கொல்ல வேண்டும். 400 பேர், பெண்களும் குழந்தைகளும் உட்பட. ஊர் ஜனம் கல்லும் தீப்பந்தமுமாகக் கூடித் தடுத்தது. செனட்டில் காசியுஸ் லோங்கினுஸ் என்ற சட்ட நிபுணர் எழுந்து, இவர்களைப் பயத்தால் மட்டுமே அடக்க முடியும் என்று வாதாடினார், அவர் பக்கம்தான் ஜெயித்தது. நீரோ வழிநெடுகப் படையை நிறுத்தி 400 பேரையும் கொண்டுபோய்க் கொன்றான். அந்த வீட்டில் இருந்த முன்னாள் அடிமைகளையும் நாடு கடத்த வேண்டும் என்று ஒருவர் யோசனை சொன்னார், அதை மட்டும் நீரோ ஏற்கவில்லை. ஆசை காட்டுவதும் அச்சுறுத்துவதும் ஒரே கையின் வேலை என்று இதற்கு மேல் யார் விளக்க முடியும்? இன்னொன்றும் ரோமத் தத்துவஞானி செனெகா எழுதியிருக்கிறார். அடிமைகளுக்குத் தனி உடை வேண்டும் என்று செனட்டில் ஒரு முறை பேச்சு வந்ததாம், அப்புறம்தான் உறைத்ததாம், நாம் எத்தனை பேர் என்று அவர்கள் எண்ணிப் பார்க்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று.

அதற்காக மேலே வந்தவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. பாம்பேயில் எகிப்தியத் தெய்வம் ஐசிஸின் கோயில் கிபி 62 பூகம்பத்தில் விழுந்தபோது அதைத் திரும்பக் கட்டியது நுமேரியுஸ் பொபிதியுஸ் செல்சினுஸ், வயது ஆறு! ஆறு வயதுப் பையன் எங்கே கோயில் கட்டுவது, அப்பா அம்ப்ளியாதுஸ் முன்னாள் அடிமை, அவருக்கு ஊர் மன்றத்தில் இடம் கிடையாது, பிள்ளையின் பெயரில் செலவழித்து அவனை உறுப்பினராக்கிவிட்டார். கல்வெட்டு இப்போதும் இருக்கிறது. அந்தத் தகப்பனை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் வருகிறது.

நம் பக்கம் வரைக்கும் வந்துவிட்டுப் போன ஆளும் ஒருத்தர் உண்டு. செங்கடல் வரியைக் குத்தகை எடுத்த அன்னியுஸ் ப்ளோகாமுஸ் என்பவரிடம் அடிமையாயிருந்து விடுதலையானவர், அரேபியாவைச் சுற்றிப் போகும்போது காற்றில் அடித்துக்கொண்டு போய்ப் பதினைந்தாம் நாள் இலங்கையில் கரை சேர்ந்தாராம். ஆறு மாதம் அரசனின் விருந்தாளி, அந்த ஊர்ப் பாஷையும் கற்றுக்கொண்டார். அவரிடம் இருந்த தெனாரியுஸ் என்ற ரோம வெள்ளிக்காசுகளில் பொறித்த தலை வேறு வேறாக இருந்தும் எடை ஒன்றாக இருந்ததைப் பார்த்துத்தான் அரசனுக்கு ரோமர்களின் நேர்மை பிடித்துப்போயிற்றாம், ரோம எழுத்தாளர் பிளினி சொல்கிறார். ஒரு முன்னாள் அடிமையின் பை அரசாங்கத் தூதுவர் வேலையைப் பார்த்திருக்கிறது.

டெர்மினி ஸ்டேஷன் எதிரே டயோகிளீஷியன் குளியலகத்து மியூசியத்துக்கும் ஒரு நடை போய்விட்டு வா. ஓடிப்போன அடிமையின் கழுத்தில் மாட்டிய இரும்பு வளையம், அதில் தொங்குகிற தகட்டோடு, அந்த மியூசியத்தைச் சேர்ந்தது. "நான் ஓடிவிட்டேன், பிடி, என் எஜமான் சோனினுஸிடம் கொண்டுபோய்ச் சேர்த்தால் ஒரு பொற்காசு கிடைக்கும்" என்று எழுதியிருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் பளபளக்கும், அதனால் கொஞ்சம் சாய்ந்து நின்று படம் எடு, எழுத்து படிக்கிற மாதிரி இருக்கட்டும். காசு கேட்டால் மகனிடம் வாங்கிக்கொள், நம் பென்ஷன் அங்கே காப்பிக்கே பத்தாது.

மருமகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள்.

அன்புடன்,
பாலு